புதுப்பிப்பு: தங்கையின் பரிந்துரைக் கடிதங்கள்

அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் என் தங்கையிடம், திட்டப்பணி வழிகாட்டியான பேராசிரியர் பரிந்துரைக் கடிதத்தை அவளையே எழுதிக் கொண்டுவரச் சொன்னதைப் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன். கடிதம் இப்போது அவர் கையாலேயே எழுதப்பட்டுவிட்டது.

கடிதத்துக்குப் பதிலாக இரண்டு பக்கக் குறிப்பொன்றை அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். மதிப்பெண்களை ஒரு வரியில் முடித்துவிட்டு, திட்டப்பணியில் மின்தடை ஏற்படும்போதெல்லாம் உணரிகளின் (சென்சார்) தரவு விடுபட்டுப்போனதையும், அந்த இடைவெளிகளைக் கண்டறிய நிரலை அவள் திருத்தி எழுதிய விதத்தையும் அதில் விரிவாகச் சொல்லியிருந்தாள். படித்ததும் வாய்மொழித் தேர்வில் தாம் கேட்ட கேள்வி சாருக்கு நினைவுக்கு வந்து, அங்கிருந்தே எழுதத் தொடங்கிவிட்டாராம். அந்த நினைவை மாணவர் தாமே எழுதும் கடிதம் ஒருபோதும் தராது என்று உறுதியாக நம்புகிறேன்.

கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு பல்கலைக்கழகத்திலிருந்து பரிந்துரைப்பவருக்கே நேரடியாகச் செல்லும் என்பதால், அவருடைய ஜிமெயிலைத் தவிர்த்துக் கல்லூரி மின்னஞ்சல் முகவரியையே கொடுத்தோம். முதல் இணைப்பு ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. மாணவர்களின் கல்விப் பதிவுகள் பற்றிய அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி (FERPA), சேர்ந்த பிறகு கடிதத்தைப் பார்வையிடும் உரிமை மாணவருக்கு உண்டு. எழுதுபவர் மனம்திறந்து எழுதினார் என்ற நம்பிக்கை தேர்வுக் குழுவுக்கு வர வேண்டுமென்று, தங்கை அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தாள்.

பயிற்சிப் பணி மேலாளரின் கடிதம் மட்டும் பாக்கி; கடைசித் தேதியான டிசம்பர் 15க்கு முன்பே பதிவேற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.