கெணத்துத் தண்ணி ரிப்போர்ட்ல ஈ.கோலை வந்துருக்கு, யாராச்சும் வெளக்குங்க

கோட்டையூர் பொண்ணு:
எங்க வீட்டு பின்கட்டுக் கெணத்துத் தண்ணிய டெஸ்டுக்குக் குடுத்தோம், ரிப்போர்ட்ல கோலிஃபார்ம் இருக்கு, ஈ.கோலை இருக்குனு ரெண்டு வரி போட்டிருக்காங்க. நான் பிஎஸ்சி மொத வருஷம், புக்குல பாத்தா ஈ.கோலைங்கற பாக்டீரியா நம்ம குடல்லயே இருக்கு, வைட்டமின் கே தருதுனு இருக்கு. அப்பத்தா வேற ‘நாங்கல்லாம் ஊருணித் தண்ணியத்தான குடிச்சோம்’ங்கறாங்க. கோலிஃபார்மும் ஈ.கோலையும் ஒண்ணா? குடிக்கலாமா? அதோட வகைப்பாடும் வேணும், பரிட்சை வருது.

லேப் அண்ணன்:
மொதல்ல கொதிக்க வைக்காம குடிக்காதீங்கம்மா. கோலிஃபார்ம்ங்கறது ஒரே இனம் கெடையாது, லாக்டோஸ நொதிக்க வச்சு ஆசிடும் கேஸும் விடற கிராம் நெகட்டிவ் குச்சி பாக்டீரியா எல்லாத்தயும் லேப்ல அப்டி ஒண்ணா சேத்துச் சொல்லுவோம், அதுல மண்ணுல செடில கெடக்கற கிளெப்சியெல்லா, என்டிரோபேக்டர்கூட வந்துரும். ஈ.கோலை அப்டியில்ல, மனுசன், மாடு, கோழி குடல்தான் அதுக்கு வீடு, அதனால தண்ணில அது இருந்தா மலம் கலக்குதுனு எடுத்துக்கணும். பெரும்பாலான ஈ.கோலை ஒண்ணும் பண்ணாது, ஓ157ங்கற வகை மாதிரி சிலதுதான் ரத்தபேதி வரைக்கும் கொண்டு போகும். ஆனா அது வந்த வழியிலயே டைஃபாய்டு கிருமியும் மஞ்சக்காமாலை வைரஸும் வரலாமே, அதான் பயம்.

மைக்ரோ டீச்சர்:
ஈ.கோலை 1885ல தியோடர் எஷெரிச்னு ஒரு கொழந்தை டாக்டர் பச்சப்புள்ளைங்க மலத்துல கண்டுபிடிச்சது, பேரினத்துக்கு அவர் பேரயே 1919ல வச்சாங்க. தொகுதி சூடோமோனாடோட்டா, பழைய புக்குல புரோட்டியோபாக்டீரியானு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். வகுப்பு காமாபுரோட்டியோபாக்டீரியா, வரிசை என்டிரோபேக்டரேல்ஸ், குடும்பம் என்டிரோபேக்டரேசியே, பேரினம் எஷெரிச்சியா, சிற்றினம் கோலை. சால்மோனெல்லாவும் இதே குடும்பம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஷிகெல்லாதான், சீதபேதி தர்றதுனால தனிப் பேரினமா வச்சிருக்காங்க, ஆனா டிஎன்ஏவ வச்சுப் பாத்தா அது ஈ.கோலைக்குள்ளயேதான் வருது! ஈ.கோலை ஆக்ஸிஜன் இருந்தாலும் இல்லாட்டியும் வளரும், 37 டிகிரில நல்ல சத்து கெடச்சா 20 நிமிஷத்துல ரெண்டாயிரும், 1978ல மனுச இன்சுலின இதுக்குள்ளதான் தயாரிச்சாங்க. இதெல்லாம் எழுதும்மா, மார்க் வரும்.

தேவகோட்டை வாசி:
அப்பத்தா சொல்றதும் நெசந்தான், ஆனா அப்ப குடிதண்ணி ஊருணில ஆடு மாடு எறங்க விடமாட்டாங்க, கால் கழுவ விடமாட்டாங்க. இப்ப கெணத்துக்குப் பக்கத்துலயே செப்டிக் டேங்க் கட்டிர்றோம். உங்க வீட்ல எவ்ளோ தூரம்?

கோட்டையூர் பொண்ணு:
ரொம்பக் கிட்டக்கதான் அண்ணே. அப்பாகிட்ட சொல்லிட்டேன்.

லேப் அண்ணன்:
டேங்க்ல கசிவு இருக்கானு பாத்து அத மொதல்ல சரி பண்ணுங்க, அப்புறம் கெணத்துக்கு குளோரின் போட்டுட்டு திரும்ப டெஸ்ட் குடுங்க. ஈ.கோலை இல்லனு வர்ற வரைக்கும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்.