மலையில் சிஆர்-இசட்: எஞ்சின் பரவாயில்லை, மற்றதைப் பாருங்கள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் பழைய ஹொண்டா சிஆர்-இசட் ஹைபிரிட் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். என்னைக் கேட்டால், அந்த 1.5 லீற்றர் எஞ்சின்தான் காரிலேயே கவலை தராத பகுதி. ஒயிலை நேரத்துக்கு மாற்றி வந்தேன், ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. காசு தின்பது வேறு இடம்.

முதலாவது ஹைபிரிட் பெட்டரி, அதாவது எஞ்சினுக்குத் துணையாக இருக்கும் மின்சார மோட்டாரை ஓட்டும் பெட்டரி. 2010இல் வந்த மொடலில் இருப்பது 100 வோல்ட் நிக்கல் பெட்டரி. 2012 கடைசியில் வந்ததில் 144 வோல்ட் லிதியம். என்னுடையது பழையது. கொழும்பில் ஓட்டிப் பார்த்தால் இந்த நிக்கல் பெட்டரி நல்ல பிள்ளையாக இருக்கும். கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறினால்தான் சாயம் வெளுக்கும். ஏற்றம் நெடுக மோட்டார் உதவிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் ஏற வழியில்லை. பெட்டரிக்குள் இருக்கும் செல்கள் சோர்ந்திருந்தால் மீட்டரில் பாதியில் நின்ற சார்ஜ் சட்டென்று அடிமட்டத்துக்கு விழும். அப்புறம் எஞ்சின் தனியாக இழுக்க வேண்டும், போதாததற்கு பெட்டரிக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்தே உயிரை எடுப்பார்.

ஹைபிரிட் பகுதியில் கோளாறு என்று காட்டும் ஐஎம்ஏ லைட் எரிந்த பிறகு செல் மாற்றிக் கட்டித்தரக் கேட்ட விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதிலிருந்து பார்ட்ஸ் விலை எல்லாமே இப்படித்தான். கொழும்பில் பழைய பார்ட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தையில், வேறு காரிலிருந்து கழற்றிய பெட்டரி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்கும் அதே வயசுதானே? நான் செல்லையே மாற்றினேன். பின்தளத்துக்கு அடியில் இருக்கும் கூலிங் ஃபேனையும் கழற்றித் துடைக்கச் சொன்னேன். அவ்வளவு தூசி! பெட்டரி சூடாகாமல் என்ன செய்யும்?

அடுத்தது அடிப்பக்கம். கார் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, எங்கள் தோட்டத்து ரோட்டைச் சொல்லவே வேண்டாம். லோவர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், ஷொக் என்று ஒன்று மாற்றி ஒன்று தட்டத் தொடங்கும். தனித்தனியே பார்த்தால் சில ஆயிரம்தான். கூலியும் அலைன்மென்டும் சேரும்போதுதான் வலிக்கும்.

பிரேக் பேடும் சீக்கிரம் தேயும். இறங்கும்போது மோட்டார் பெட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டே காரையும் பிடித்து வைக்கும்; ரதல்ல மாதிரி நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிறைந்துவிட்டால் அந்தப் பிடிப்பு குறைந்து, சுமை முழுக்க பிரேக்கில் விழுகிறது. கியரைக் குறைத்தே இறங்குங்கள். இதற்காகவே ஆறு கியர் மெனுவலைத் தேடச் சொல்வேன். சிவிடி என்ற ஓட்டோ கியர் கெட்டது என்று சொல்லவில்லை, எனக்கு மலையில் அதன் இழுவை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

2020இலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்து எகிறிய விலையை இன்னும் விடாமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காரை ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் பெட்டரிக் காசைக் கழித்து விலை பேசுங்கள்.