புதுப்பிப்பு: ஸ்டார்ட் ஆகாத கம்ப்ரசர் ஓடத் தொடங்கிவிட்டது

சிங்கப்பூர் ஈசூனில் அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் விளக்கு எரிகிறது, கம்ப்ரசர் மட்டும் 'டக்' என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. பழுது, கம்ப்ரசர் ஓடத் தொடங்க உதவும் ஸ்டார்ட் ரிலேயில்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினோம். கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டிதான் ரிலே. காதருகே வைத்துக் குலுக்கினால் கலகலவென்றது. ஒரு முனை கருகி, தீய்ந்த வாடை வேறு. உள்ளே இருக்கும் பீங்கான் வில்லை உடைந்தால் ஸ்டார்ட் வைண்டிங்குக்கு, அதாவது கம்ப்ரசர் மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கம்பிச்சுருளுக்கு, கரண்ட் போகாது. மோட்டார் சுற்ற முடியாமல் கரண்டை இழுத்துச் சூடாகும், சூடு மிஞ்சினால் காப்பாற்றும் ஓவர்லோட் புரொடெக்டர் கரண்டைத் துண்டித்துவிடும். அந்த 'டக்' அதுதான்.

ரிலே வாங்குவதற்கு முன் கம்ப்ரசரின் காமன் (பொது), ரன் (ஓட்டம்), ஸ்டார்ட் (தொடக்கம்) என்ற மூன்று பின்களுக்கும் இடையே உள்ள மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தோம். காமன்-ரன் 13 ஓம், காமன்-ஸ்டார்ட் 19, ரன்-ஸ்டார்ட் 32. முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதோடு ஒத்துப்போகிறது, பின்னுக்கும் கம்ப்ரசரின் இரும்பு உடலுக்கும் தொடர்பு இல்லை. அப்படியென்றால் வைண்டிங் நன்றாக இருக்கிறது. "கம்ப்ரசர் போச்சு, புதுசு வாங்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போன மெக்கானிக் இதை அளக்கவே இல்லை. வயதானவர்களிடம் இப்படிச் சொல்வது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அதே மாடல் எண்ணைப் பார்த்து ரிலே வாங்கி மாட்டியதும் ஓடியது. அப்புறம், ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கும் கேஸில் கை வைத்தீர்களா என்று கேட்டிருந்த அண்ணனுக்கு: அந்தக் கேஸ் ஓடும் குழாய் பக்கமே போகவில்லை. இதில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பிடிக்கும். அந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆள்தான் வரவேண்டும்.