ஃபெடரேஷனுக்குக் ‘கொள்கொடை’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தின் உதவிக் குறிப்புகளைத் தமிழாக்க உட்கார்ந்ததிலிருந்து ஃபெடரேஷன் என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தனித்தனியாக நடத்தப்படும் வழங்கிகள் (சர்வர்கள்) தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘கூட்டாட்சி’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. ஆட்சி என்றதுமே மேலே ஓர் அரசு இருப்பதாகத் தோன்றும். இந்த வலையில் மேலே யாருமே இல்லை. ‘கூட்டமைப்பு’ சங்கத்துக்கும் பேரவைக்கும் வைக்கிற பெயர். நமக்கு வேண்டியது வழங்கிகள் செய்யும் ஒரு வேலைக்கான பெயர். ‘கூட்டிணைப்பு’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இலங்கைச் சட்டத் தமிழில் ‘கூட்டிணைத்தல்’ என்றால் ஓர் அமைப்பைச் சட்டப்படி உருவாக்குவது. அங்குள்ள வாசகர்கள் குழம்புவார்கள்.

சரி, அந்த வேலைதான் என்ன? மாஸ்டடான் வழங்கிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை எடுத்துக்கொள்வோம்; இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்டது அது. நான் ஒரு வழங்கியில் இருக்கிறேன், நீங்கள் இன்னொன்றில். நீங்கள் என்னைப் பின்தொடர விரும்பினால் உங்கள் வழங்கி என் கணக்கின் உள்பெட்டிக்கு ஒரு கோரிக்கையை அனுப்பும். என் வழங்கி ‘ஏற்கிறேன்’ என்று பதில் அனுப்பும். அதற்குப் பிறகு நான் எழுதும் ஒவ்வொரு பதிவும் உங்கள் வழங்கிக்குப் போய்ச் சேரும். உங்கள் வழங்கியில் என்னை நூறு பேர் பின்தொடர்ந்தாலும் ஒரே பிரதி போதும், பொது உள்பெட்டி என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது. அந்தப் பிரதி அங்கேயே சேமிக்கப்படுகிறது. நீங்கள் படிப்பது என் வழங்கியில் இருப்பதை அல்ல, உங்கள் வழங்கியில் இருக்கும் பிரதியை.

பயனர்களுக்கு இது புரிய வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம். சில மாதங்களுக்கு முன் ஒரு பதிவை அவசரமாக நீக்கினேன். என் பக்கத்தில் போய்விட்டது. வேறொரு வழங்கியில் இருந்த நண்பருக்கு மறுநாளும் தெரிந்தது! அவருடைய வழங்கி அந்த நேரத்தில் முடங்கியிருந்ததால் ‘நீக்கு’ என்ற செய்தி அங்கே போய்ச் சேரவே இல்லை. நீக்கல் என்பது மற்ற வழங்கிகளிடம் வைக்கும் வேண்டுகோள்தான், கட்டாயப்படுத்த யாராலும் முடியாது. தனிப்பட்ட செய்தியும் அப்படித்தான்: அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மாஸ்டடானில் அது முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, எனவே இரு பக்க நிர்வாகிகளும் நினைத்தால் படிக்கலாம். ‘கூட்டாட்சி’ என்று சொன்னால் இதில் எதுவும் வாசகருக்கு உறைக்காது.

ஆகவே என் பரிந்துரை: கொள்கொடை.

கொள்வதும் கொடுப்பதும் சேர்ந்த சொல். போக்குவரத்து, வரவுசெலவு என்று எதிரெதிரான இரு செயல்களைச் சேர்த்து ஒரு சொல்லாக்குவது நமக்குப் பழகிய வழிதான். ‘கொடுக்கல் வாங்கல்’ பேச்சில் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதைச் சொன்னதும் பணமும் கடனும் நினைவுக்கு வருகின்றன, அதனால்தான் தவிர்த்தேன். கொள்கொடையில் தரவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது சொல்லிலேயே தெரிகிறது. கொடுத்ததை எளிதில் திரும்பப் பெற முடியாது என்பதையும் ‘கொடை’ உணர்த்திவிடுகிறது. இதற்காகவே இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. இப்படி இணைந்த வழங்கிகளின் மொத்த வலையான ஃபெடிவெர்ஸ் ‘கொள்கொடை வலை’ ஆகலாம். ஒரு வழங்கி இன்னொன்றோடு தொடர்பைத் துண்டிக்கும் டிஃபெடரேஷனுக்குக் ‘கொள்கொடை முறிப்பு’ என்று வைக்கலாம். ஒவ்வொரு தனி வழங்கியையும் குறிக்கும் இன்ஸ்டன்ஸுக்கு ‘நிகழ்வு’ வேண்டவே வேண்டாம், அது வேறு பொருளில் ஊறிப்போன சொல். ‘வழங்கி’ என்றே விட்டுவிடலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. இன்னொரு சமூக வலைத்தளமான புளூஸ்கையின் ஏடி நெறிமுறையில் பயனரின் தரவு அவருக்கான தரவு வழங்கியில் இருக்கும். ரிலே எனப்படும் இடைநிலை வழங்கி பல இடங்களிலிருந்து அதைத் திரட்டித் தருகிறது, செயலிகள் அப்படித் திரண்டு வரும் தரவு ஓடையைப் படிக்கின்றன. அங்கே தரவு வழங்கிகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நேரடியாகப் பதிவுகளை அனுப்பிக்கொள்வதில்லை. அதையும் கொள்கொடை என்றே அழைப்பதா என்று எனக்கே தயக்கம் இருக்கிறது. ரிலேவுக்குத் ‘திரட்டி’ என்று வைக்கலாம் என்றால், வலைப்பதிவுத் திரட்டிகள் ஏற்கெனவே அந்தப் பெயரில் இருக்கின்றன.

அப்புறம், உதவிக் குறிப்பில் இந்த வரியைப் போட்டுப் பார்த்தேன்: ‘உங்கள் வழங்கி கொள்கொடை வைத்துள்ள பிற வழங்கிகளுக்கும் இப்பதிவின் பிரதி செல்லக்கூடும்.’ முதன்முறை படிப்பவருக்கு இது புரிகிறதா என்று சொல்லுங்கள். ‘கொள்கொடை வைத்துள்ள’, ‘கொள்கொடை செய்யும்’ இரண்டில் எது உங்கள் காதுக்கு இயல்பாக இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.