முடக்குவாதத்தில் சிபிகே (தசை நொதி) ஏறியிருக்கிறது, என்ன பார்ப்பது?

கேள்வி (மேலூர்): அம்மாவுக்கு 52 வயது, முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டு அழற்சி). அதற்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் 15 மி.கி., கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின். சிபிகே 480 (லேப் உச்ச அளவு 170), ஈரல் சோதனையில் எஸ்ஜிஓடி 62, எஸ்ஜிபிடி 40. நோய் தசைக்குள் இறங்கிவிட்டதா?

பதில்: முடக்குவாதம் மட்டும் சிபிகேயை ஏற்றாது, அழற்சி மும்முரமாக இருக்கையில் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். வேறு காரணம் தேடுங்கள். நாள் முழுக்க நாற்று நட்டாலோ, வலிக்கு இடுப்பில் ஊசி போட்டாலோ சில நாள் ஏறி நிற்கும். ஒரு வாரம் கடும் வேலையும் தசை ஊசியும் இல்லாமல் இருந்து திரும்ப எடுங்கள், கூடவே டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை). தைராய்டு குறைவாலும் ஏறும், அதை நிறையப் பேர் பார்க்காமல் விடுகிறார்கள். கொழுப்பு மாத்திரையான ஸ்டாடினாலும் ஏறலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பதில்: எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு. ஜிஜிடி (இன்னொரு ஈரல் நொதி) பாருங்கள், அது இயல்பென்றால் ஈரல் மேல் சந்தேகம் குறையும். மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பதில்: எண்ணைவிட பலம் முக்கியம். குத்தவைத்து எழ முடிகிறதா, கையைத் தூக்கித் தலைசீவ முடிகிறதா? மூட்டு வலியால் முடியாமல் போவது வேறு; வலியில்லாமலே பலம் விடுவது வேறு. இரண்டாவதென்றால் தள்ளிப்போடாமல் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள், மயோசைட்டிஸா (தசை அழற்சியா) என்று பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தால் வரும் தசை பலவீனத்தில் சிபிகே இயல்பாகவே இருக்கும், அதையும் மறக்காதீர்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே போயாக வேண்டும்.