கடைசி முயற்சிக்கு எந்த எடை? மகளிர் பளுதூக்குதலில் நாங்கள் கண்டவை

முன்னாள் வீராங்கனை ஒருவரின் பகிர்வு

2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்த மகளிர் 49 கிலோ பிரிவுப் போட்டியை உறங்காமல் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. எடைத் தட்டுகள் மாட்டிய பாரை (கம்பியை) ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் 88 கிலோவை ஒருமுறை தவறவிட்டு, மூன்றாம் முயற்சியில் அதே எடையைத் தூக்கி நிறுத்திய மீராபாய் சானு, பாரை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கிலும் 111 கிலோவை இரண்டாவது முயற்சியில்தான் வசப்படுத்தினார். கடைசியாகக் கேட்ட 114 கிலோ கைகூடவில்லை. இரண்டிலும் தூக்கிய அதிகபட்ச எடைகளைக் கூட்டினால் அவருடைய மொத்தம் 199; வெண்கலம் வென்ற தாய்லாந்தின் சுரோட்சனா காம்பாவின் மொத்தம் 200.

மறுநாள் பலரும் அந்த ஒரு கிலோவைப் பற்றியே பேசினார்கள். இன்னும் சற்று வலிமை இருந்திருந்தால் போதுமே என்று அவர்கள் சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. கடைசி முயற்சியின் எடையை முடிவு செய்வது வலிமை மட்டுமன்று, காத்திருப்பும்தான் என்பதை என் உடம்பே எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

பாரில் எடை ஏறிக்கொண்டே போகும், இறங்காது என்பதால், குறைந்த எடை கேட்டவர்களே முதலில் மேடையேறுவார்கள். நமக்கு முன்னால் எத்தனை முயற்சிகள் மீதமிருக்கின்றன என்று பயிற்சியாளர் எண்ணி, அதற்கேற்பப் பின்னறையில் நம்மைத் தயார்ப்படுத்துவார். வேறொரு பயிற்சியாளர் தம் வீராங்கனையின் எடையை மாற்றிக் கேட்டுவிட்டால் அந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். தேசிய அளவிலான ஒரு போட்டியில் எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. இரண்டு முயற்சிகளுக்குப் பிறகு என் முறை என்று எழுந்து நின்றவள், ஏழு முயற்சிகள் முடியும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரலில் சுற்றியிருந்த டேப்பின் ஓரம் வியர்வையில் நனைந்து பிரியத் தொடங்கியிருந்தது. உள்ளங்கையில் காய்த்துப்போன தோல் முந்தைய முயற்சியில் கிழிந்து, பிடி வழுக்காமலிருக்கப் பூசும் மெக்னீசியப் பொடி பட்ட இடமெல்லாம் எரிந்தது. வெறுமனே உட்காராமல் பின்னறையில் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கும்படி பயிற்சியாளர் சொன்னார். வலுவைச் சேமிக்கிறேன் என்று மறுத்துவிட்டேன், அது என் தவறு. மேடையில் பார் தோளுக்கு வந்தது, ஆனால் மேலே தள்ளும்போது வலது முழங்கை மடங்கியது. மூன்று நடுவர்களின் விளக்குகளில் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை: அந்த முயற்சி செல்லவில்லை.

இன்றும் அந்த எடையைத் தவறான தேர்வு என்று நான் நினைக்கவில்லை. உங்களில் யாருக்காவது, கேட்ட எடை சரிதான் என்று தூக்குவதற்கு முன்பே தெரிந்த அனுபவம் உண்டா?

நடுவராகப் பணியாற்றியவரின் பகிர்வு

நான் அமர்ந்த பக்கவாட்டு இருக்கையிலிருந்து முகத்தைவிட முழங்கைதான் தெளிவாகத் தெரியும். முழங்கை மடங்கி, பிறகு நிமிர்ந்தால் சிவப்பு விளக்கு என்பது விதி. இயற்கையாகவே முழங்கை முழுவதும் நிமிராத வீராங்கனைகள் அதை முன்கூட்டியே நடுவர்களிடம் காட்டிவிட வேண்டும். ஒரு பெண் மேடைக்கு வந்ததும் இரு கைகளையும் நீட்டி எங்கள் மூவருக்கும் காட்டிவிட்டுத்தான் பாரின் பக்கம் திரும்பினார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்திலும் அவரிடம் இருந்த நிதானத்தை நான் மிகவும் மதித்தேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் நேரடியான விடை இல்லை. ஆனால் அதைப் படித்ததும் மகளிர் பளுதூக்குதல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 2000 சிட்னிப் போட்டிதான் நினைவுக்கு வந்தது. 69 கிலோ பிரிவில் கர்ணம் மல்லேஸ்வரி ஸ்னாட்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130 என மொத்தம் 240 கிலோவுடன் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். தங்கமும் வெள்ளியும் பெற்ற இருவரும் தூக்கியது 242.5 கிலோதான், உடல் எடை குறைவாக இருந்ததால் சீனாவின் லின் வெய்னிங்கிற்குத் தங்கம் கிடைத்தது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் மல்லேஸ்வரி கடைசியாக முயன்று கைகூடாமல் போனது 137.5. முடிவுப் பட்டியலை வைத்துக் கூட்டிப் பார்த்தால், 135 கிலோவே தங்கத்திற்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் கூட்டிப் பார்க்க நமக்கு 24 ஆண்டுகளுக்கு மேல் கிடைத்திருக்கின்றன, பயிற்சியாளருக்குக் கிடைத்தவை சில நொடிகள்.

பயிற்சி பெறும் சிறுமி ஒருத்தியின் தாய் எழுதியது

மேடையேறிய அனுபவம் எனக்கில்லை, ஆனாலும் முதலில் எழுதிய சகோதரியின் கேள்விக்கு நான் கண்ட ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். டோக்கியோவில் 2021 ஜூலை 26 அன்று நடந்த 55 கிலோ பிரிவுப் போட்டியை மகளோடு பார்த்தேன். இரண்டு நாள்களுக்கு முன்புதான், ஒலிம்பிக் வளையங்களின் வடிவில் தோடு அணிந்து, 202 கிலோ தூக்கி மீராபாய் வெள்ளி வென்றிருந்தார். அதற்கு முந்தைய ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளும் தவறி, மொத்தக் கணக்கே இல்லாமல் திரும்பியவர் அவர் என்பதால், அந்த மகிழ்ச்சி எங்கள் வீட்டில் இன்னும் அடங்கவில்லை.

சீனாவின் லியாவ் சியுயுன் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 126 கிலோவைத் தூக்கி மொத்தம் 223 என்று முடித்த பிறகு, பிலிப்பைன்ஸின் ஹிடிலின் டயஸ் கேட்டது 127. இருவரும் ஸ்னாட்சில் 97 கிலோவே தூக்கியிருந்ததால், தேவைப்பட்டது சரியாக ஒரு கிலோதான்; அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மலேசியாவில் அடைபட்டிருந்தபோது மூங்கில் கழியின் இரு முனைகளிலும் தண்ணீர் நிரப்பிய கலன்களைத் தொங்கவிட்டுப் பயிற்சி செய்தவர் அவர். பார் தலைக்கு மேல் நின்றது, கால்கள் ஒரே கோட்டில் சேர்ந்தன. அவருடைய நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம்.

என் மகள் அப்போது தட்டு எதுவும் மாட்டாத 15 கிலோ பாரில்தான் பழகிக்கொண்டிருந்தாள். மறுநாள் பயிற்சியில், பாரைத் தொடுவதற்கு முன், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு உள்ளே மடக்கிப் பிடிக்கிறோமா என்று முதன்முறையாகத் தானே குனிந்து பார்த்துக்கொண்டாள்.