மேலாளர் திட்டியதை முதியவர் மேல் இறக்கிவிட்டேன்: இதை எங்கே நிறுத்துவது?

கேள்வி: மூன்றாம் கவுன்ட்டர்

நான் ஒரு கூட்டுறவு வங்கிக் கிளையில் காசாளராக இருக்கிறேன். சென்ற திங்கட்கிழமை காலை, சனிக்கிழமைக் கணக்கில் ஒரு வவுச்சர் விடுபட்டிருந்ததற்காக, வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போதே மேலாளர் என்னைத் திட்டினார். தவறு என்னுடையதுதான், ஆனால் "உங்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு" என்ற சொல் அந்தத் தவறுக்கு மிக அதிகம். பத்து நிமிடம் கழித்து, பணம் எடுக்கும் படிவத்தில் தொகையை எழுத்தால் எழுதாமல் நீட்டிய முதியவர் ஒருவரிடம், "படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு உண்மையிலேயே படிக்கத் தெரியாது. படிவத்தை நிரப்பியது, பத்து வயதிருக்கும் அவருடைய பேத்தி. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் அந்தக் குழந்தையை நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி அதட்டினார். கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். மேலாளரிடம் நான் பொறுமையாகத்தான் இருந்தேன், ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. பிறகு அந்தப் பொறுமையால் யாருக்கு என்ன பயன்?

பதில் 1: உளவியல் மாணவன்

உங்களுக்கு நேர்ந்ததை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பேரம் பேசும் பயிற்சியில் இருந்த 90 மாணவர்கள் ஒருவர் மாற்றி ஒருவருடன் பேசினார்கள். ஒரு சுற்றில் மரியாதையற்ற ஒருவரிடம் அகப்பட்டவர், அடுத்த சுற்றில் தம்முடன் பேசியவருக்குத் தாமே மரியாதையற்றவராகத் தெரிந்தார். இரண்டு சுற்றுகளுக்கும் இடையில் ஒரு வாரம் கழிந்திருந்தபோதும் இந்த விளைவு தங்கியிருந்தது.

இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அவர்கள் கண்ட காரணம். கடுஞ்சொல்லைப் பார்த்தோ கேட்டோ வந்தவர்கள், கடுமையைக் குறிக்கும் சொற்களை மற்றவர்களைவிட விரைவாக அடையாளம் கண்டார்கள். அதாவது, திட்டு வாங்கிய மனம் அடுத்த திட்டை எதிர்பார்த்தபடியே எல்லாவற்றையும் வாசிக்கிறது. நிரப்பப்படாத ஒரு வரி வேறொரு நாளில் உங்களுக்கு வெறும் விடுபட்ட வரியாகவே தெரிந்திருக்கும். அன்றைக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது.

பதில் 2: தமிழாசிரியை

மேலாளர் முன் நீங்கள் வாய்மூடி நின்றதைப் பொறுமை என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே உங்களுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளே இதைப் பற்றியதுதான்: "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்." நம் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குபவனே சினத்தை அடக்கியவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று சற்றே ஏளனத்தோடு கேட்கிறார் வள்ளுவர். அன்றைக்கு உங்களுக்குச் செல்லிடம் அந்த முதியவர். அவருக்கு அந்தக் குழந்தை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பொறுமையைக் கீழே இருப்பவர்களிடம் மட்டுமே கேட்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் வேரோடியிருப்பதால், நீங்கள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டே போக வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வரிசைக்கு முன் அப்படிப் பேசியது தவறு என்று மேலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற நடத்துநர்

அம்மா, நான் நகரப் பேருந்தில் 27 ஆண்டுகள் டிக்கெட் கிழித்தவன். முதல் நடையில் ஏறும் நாலாவது ஆளே ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார். மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்போம். இறங்கும்போது அவர் கேட்பார், பையில் சில்லறை இருக்காது, இருவருக்கும் வாய்ச்சண்டை வரும். அந்தச் சூட்டோடு திரும்பினால் படியில் நிற்கும் மாணவன் அகப்படுவான். அவன் பள்ளியில் போய் யாரை அடித்தானோ, எனக்குத் தெரியாது.

பொறுத்துப்போக வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தும் முடியவில்லை. பிறகு சண்டை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். மீதிக்காரர்களை நினைவில் வைத்துக்கொண்டு, அவர்கள் இறங்கும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே, அவர்கள் கேட்பதற்குள் நானே போய்க் கொடுக்கத் தொடங்கினேன். பாதிச் சண்டை அதிலேயே நின்றுவிட்டது. மீதிப் பாதிக்கு, திட்டு வாங்கியதும் அடுத்த ஆளிடம் உடனே பேசாமல், விசிலை ஊதிவிட்டுக் கடைசி இருக்கை வரை ஒருமுறை நடந்து வருவேன். உங்களால் கவுன்ட்டரை விட்டு எழ முடியாதுதான். நோட்டுக் கட்டை இன்னொரு முறை எண்ணலாமே.

மூன்றாம் கவுன்ட்டர்

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி இன்று மாலை மேலாளரிடம் தனியாகப் பேசினேன். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை. வாராக்கடன் பற்றித் தலைமையகத்திலிருந்து அவருக்கு வந்திருந்த ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். அதில் இருந்த மொழி, அவர் என்னிடம் பேசியதைவிட மோசமாக இருந்தது.

அந்த முதியவர் உதவித்தொகை எடுக்க மாதம் ஒருமுறைதான் வருவார். ஐயா, உங்கள் மீதிச் சில்லறையை நினைத்துக்கொண்டு, தொகையை எழுத்தால் எழுத வேண்டிய வரியில் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட மாதிரிப் படிவம் ஒன்றை நிரப்பி வைத்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டபின், அதைப் பேத்தியின் கையில் கொடுக்க வேண்டும்.